கலைச்சொல்: கருனிக் கூறு "நீக்கலா", "கழற்றலா"? பிடியெண் பற்றியும்

ஹட்டனிலிருந்து:

அண்ணா, லினக்ஸ் ஆய்வுகூடக் கைநூலில், கருனிக் கூறை (கர்னல் மொடியூல்) எடுத்துவிடும் "ஆர்எம்மொட்" கட்டளையின் வேலையை "நீக்கல்" என்று எழுதியிருக்கிறேன். கழற்ற மறுக்கும்போது வரும் "இன் யூஸ்" செய்திக்குப் "பயன்பாட்டில் உள்ளது" என்று போடலாமா? வலையமைப்புச் செலுத்தி (டிரைவர்) தொங்கிப்போனால் டீமெஸ்க்கில் (கருனியின் செய்திப் பதிவில்) "யூசேஜ் கவுண்ட்" என்று ஒன்று வருகிறது. அதற்குப் "பயன்பாட்டு எண்ணிக்கை" போதுமா?

பதுளையிலிருந்து:

தங்கச்சி, "நீக்கல்" வேண்டாம். ஆர்எம்மொட் செய்தாலும் கோப்பு வட்டில் அப்படியேதான் இருக்கும். நினைவகத்திலிருந்து மட்டும் போகும். கணினியை மறுபடி தொடக்கினால் தானாக ஏறிவிடும். பொதியை அழிப்பதற்கு "நீக்கல்" இருக்கட்டும். "இறக்கல்" என்றால் தரவிறக்கத்தோடு குழம்பும். "கழற்றல்" எனக்குப் பிடித்திருக்கிறது.

மற்ற இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் மாணவர் தவறான இடத்தில் தேடுவார்கள்.

முதலாவது, கூறின் எண்ணிக்கை. ஏறியுள்ள கூறுகளைப் பட்டியலிடும் எல்எஸ்மொட் கட்டளை காட்டும் மூன்றாவது நெடுவரிசையில் இருப்பது அதுதான். சுழியமாக இல்லாவிட்டால் கருனி உடனே மறுத்துவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் இருந்தால் அந்தக் கூறை முதலில் கழற்ற வேண்டும்: இன்டெல் வைஃபையில் ஐடபிள்யூஎல்எம்விஎம் போன பிறகுதான் ஐடபிள்யூஎல்வைஃபை போகும். பெயர்களைவிட எண் பெரிதாக இருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு நிரல் சாதனக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. டொங்கிள் (யுஎஸ்பி மோடம்) குத்தியிருக்கும் கணினிகளில் இதுதான் வழக்கம்: அதன் செலுத்தியான "ஆப்ஷன்" கூறுக்கு நேரே 1 என்று நிற்கும், பெயர் எதுவும் இராது. டொங்கிளின் சாதனக் கோப்பான டிடிவையுஎஸ்பி0-ஐ மோடம்மனேஜர் சேவை திறந்து வைத்திருக்கும். கோப்பை யார் திறந்திருக்கிறார் என்று காட்டும் பியூசர் கட்டளையால் அதை உறுதிசெய்து, சேவையை நிறுத்திவிட்டு, மொட்ப்ரோப் -ஆர் கொடுத்தால் ஆப்ஷனோடு யுஎஸ்பிடபிள்யுவான், யுஎஸ்பிசீரியல் இரண்டும், வேறு எவரும் பிடித்திராவிட்டால், சேர்ந்தே போய்விடும்.

இரண்டாவது, வலையமைப்பு இடைமுகத்தின் எண்ணிக்கை. இது எல்எஸ்மொட்டில் தெரியாது. ஈத்தர்நெட் இடைமுகம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே செலுத்தியின் எண் சுழியமாக இருக்கலாம். அதனால் கழற்றலைக் கருனி தடுக்காது. பிறகு இடைமுகத்தைப் பதிவிலிருந்து எடுக்கும்போது யாரோ பிடியை விடவில்லை என்றால் ஆர்எம்மொட் அங்கேயே நின்றுவிடும். ஏறக்குறைய 10 விநாடிக்கு ஒருமுறை டீமெஸ்க்கில் அந்த "யூசேஜ் கவுண்ட்" வரி வந்துகொண்டிருக்கும். செயல்முறை "டி" நிலையில் (குறுக்கிட முடியாத காத்திருப்பில்) இருப்பதால் வலிந்து நிறுத்தும் கில் -9 கூட எடுபடாது. பெரும்பாலும் இது கருனிக்குள்ளேயே இருக்கும் வழு, மறுதொடக்கம்தான் வழி.

ஆகவே என் முன்மொழிவு: பொதுச்சொல் "பிடியெண்". முதலாவது "கூறின் பிடியெண்", இரண்டாவது "இடைமுகத்தின் பிடியெண்". கருனியின் நிரல்வரிகளிலும் எடுத்தால் திருப்பி விட வேண்டும் என்ற முறைதான். "பயன்பாடு" அதைச் சொல்லாது.

ஹட்டனிலிருந்து:

பிடியெண் சரி அண்ணா. "பிடி" என்பதே வினையாகவும் வருவதால் "ஆப்ஷனை யார் பிடித்திருக்கிறார்?" என்று வகுப்பில் கேட்கலாம். ஆனால் -எஃப் கொடுத்து வலிந்து கழற்றுவதற்கும் ஒரு சொல் வேண்டும்.

பதுளையிலிருந்து:

"வன்கழற்றல்". கூடவே எச்சரிக்கையும் எழுதுங்கள்: கருனியைக் கட்டும்போதே அதற்கு இடம் கொடுத்திருந்தால்தான் வேலை செய்யும். பிடியெண்ணைப் பார்க்காமல் நினைவகத்தை விடுவித்தால், பிடித்திருந்த நிரல் இல்லாத இடத்தைத் தொட்டுக் கணினியே விழலாம். விழாவிட்டாலும் கருனியில் "ஆர்" கறை (கூறு வலிந்து கழற்றப்பட்டதைக் காட்டும் அடையாளம்) பதிந்துவிடும்.

இன்னொன்று. கண்டியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலை இணைப்பு) வழியாக மஸ்கெலியாவிலுள்ள கணினியில் ஈத்தர்நெட் செலுத்தியைக் கழற்றினால் இணைப்பே அறுந்துவிடும். இணைப்பு அறுந்தாலும் தொடரும் டிமக்ஸ் அமர்வுக்குள் கழற்றும் கட்டளையையும் ஏற்றும் கட்டளையையும் அரைப்புள்ளியிட்டு ஒரே வரியில் கொடுக்க வேண்டும். கையால் இட்ட ஐபி முகவரி திரும்ப வராது. அதையும் அந்த வரியிலேயே சேருங்கள்.