தரங்கம்பாடியில் கோட்டை தவிர என்ன பார்ப்பது?

சேலத்துக்காரன்:
அப்பாவின் சதாபிஷேகத்துக்குத் திருக்கடையூர் வருகிறோம். மறுநாள் தரங்கம்பாடி. "கோட்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம்" என்கிறார் மாமா. போதுமா? இன்னொரு சந்தேகம்: அங்கே கப்பல் ஒதுங்க வளைகுடா எதுவும் இல்லையே, டேனிஷ்காரர்கள் ஏன் அந்த ஊரைப் பிடித்தார்கள்?

பொறையார்வாசி:
முதலில் சந்தேகத்துக்கு வருகிறேன். இந்தக் கரை நெடுக அப்படித்தான் ஐயா. கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைப் படகில் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அவர்களுக்கு வேண்டியது துணியும் மிளகும். நாகப்பட்டினம் அப்போது போர்த்துகீசியர் கையில். தஞ்சையில் ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்கத் தயாராக இருந்தார். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று, டேனிஷ் கப்பற்படைத் தளபதி ஓவ கெத்த கோட்டையை எழுப்பத் தொடங்கினார்.

ஆனால் அவர்கள் வெறும் மணலில் வந்து இறங்கவில்லை. அதற்கு 300 வருஷம் முன்பே இது பட்டினம். மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு இவ்வூரை "சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்" என்கிறது. மாறவர்ம குலசேகர பாண்டியன் காலம். அதனால் என் யோசனை, கோட்டைக்கு வடக்கே கரையோரம் இருக்கும் அந்தக் கோயிலுக்கு முதலில் போங்கள். அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. சின்ன வயதில் என் ஆத்தா அலையைக் காட்டி, "அங்கேயும் கோயில்தான் இருந்தது" என்பாள். இன்றும் வெளியூர்க்காரர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோட்டையைப் படம் எடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பிறகு மேற்கே 1792இல் கட்டிய நுழைவாயிலுக்குப் போய், ராஜா தெரு வழியே கடலை நோக்கி நடந்து வாருங்கள். 1701இல் எழுந்த சீயோன் தேவாலயம், 1718இன் புதிய எருசலேம் தேவாலயம் இரண்டும் அந்தத் தெருவில்தான். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அடக்கமாகியிருப்பது எருசலேம் தேவாலயத்தில். 1706இல் வந்து, 13 வருஷத்தில் இறந்துபோனார். அதற்குள் தமிழ் கற்று, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுவிட்டார்.

கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

மாயவரத்து வாத்தியார்:
1845இல் டேனிஷ்காரர்கள் இதையும் வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். கலெக்டர் அலுவலகம் கொஞ்ச காலம் இங்கேதான் இருந்தது, பிறகு தஞ்சாவூருக்குப் போய்விட்டது. ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் வணிகமும் அங்கே ஒதுங்கியது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்குப் பின்னால் போட்ட ரயில் பாதையும் 1986இல் நின்றுபோயிற்று. அதில் போய் வந்தவன் நான், இன்னும் வருத்தம் உண்டு.

சேலத்துக்காரன்:
மிக்க நன்றி ஐயா. அப்பாவுக்கு முழங்கால் வலி. அவ்வளவு நடக்க முடியுமா?

பொறையார்வாசி:
தாராளமாக முடியும். மேடு பள்ளம் இல்லாத சின்னத் தெரு. வெயிலுக்கு முன் காலை ஆறரைக்கே கோயில் பக்கம் வந்துவிடுங்கள். அந்நேரம் படகுகள் கரை ஏறும். கரையில் அலைக்குத் தடுப்பாகப் பாறாங்கற்களைப் போட்டிருக்கிறார்கள், அதில் மட்டும் அப்பாவை ஏறவிடாதீர்கள். பாசி பிடித்து வழுக்கும்.