சோஃபா பின்சுவரை ஒட்டி: சப்வூஃபர் ஒண்ணா, ரெண்டா?

காட்பாடி காந்தி நகர்ல 14க்கு 11 அடி ரூம். காங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, 5.1 ஹோம் தியேட்டர் செட் (அஞ்சு ஸ்பீக்கர், பேஸுக்கு சப்வூஃபர்). கதவு இடிக்கிறதால சோஃபாவைப் பின்சுவரை ஒட்டித்தான் போட முடியும். பெரிய சமரசமே அதுதான். 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் (அடி பேஸ்) பக்கம் சத்தம் தேங்கும், சுவரோரம்தான் அதுக்கு உச்சம். சப்பை மூலையில வெச்சா வசனத்தையே அமுக்கிட்டு 'கும்'முனு அடிக்கும். 2 இன்ச் ஃபோம் ஒட்டினா எதிரொலி குறையும், 40 ஹெர்ட்ஸ் அசையாது (விக்கிறவங்க ஒத்துக்க மாட்டாங்க!).

ஒரே 12 இன்ச் சப் போதுமா, இல்ல ரெண்டு 10 இன்ச் வாங்கி முன்சுவர், பின்சுவர் நடுவுல எதிரெதிரா வைக்கலாமா? அப்படி வெச்சா நீளவாட்டு அலை ஒண்ணையொண்ணு தணிச்சுக்கும். ஆனா பின்னால சோஃபா இருக்கே. பக்கத்துல 3 அடி தள்ளி வெச்சாலும் பலன் இருக்குமா? அளந்து பார்த்தவங்க சொல்லுங்க.

சரவுண்ட் ஸ்பீக்கரை நேர் முன்னாலிருந்து 110 டிகிரியில, கொஞ்சம் பின்னால வைக்க இடமில்ல, 90லதான், அதாவது நேர் பக்கவாட்டுல. கிராஸ்ஓவர் (அதுக்குக் கீழ உள்ள சத்தம் சப்புக்குப் போகும்) 80 ஹெர்ட்ஸ், ஒயர் 14 கேஜ் சுத்த செம்பு. ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டுற ஆம்ப்) திறந்த ஸ்டாண்டுல. நம்ம ஊர் மே மாச வெயிலுக்கு மூடின ஷெல்ஃப்னா சூடேறி தானா ஆஃப் ஆயிடும்.

சத்தம் உறிஞ்சுற 4 இன்ச் ராக்வூல் (கல் நார்) பலகை வேலூர்ல எங்க கிடைக்கும்?