மலையூர் ஆண்டு விழா: ஜெனரேட்டர், பனி, வண்டி நெரிசல் – யோசனை சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் சிறிய மலையூரின் கலைவிழாப் பொறுப்பு இந்த முறை எங்கள் குழுவிடம் வந்திருக்கிறது. நிகழ்ச்சிகள் முடிவாகிவிட்டன, இழுபறி மின்சாரத்தில்தான். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத டீசல் ஜெனரேட்டர் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் திறனை இழக்கும். 1,800 மீட்டர் உயரத்தில் மேடை விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்த 15 கிலோவாட் சுமையை 25 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் அளவு) ஜெனரேட்டர் தாங்குமா? வாடகைக்கு விடுபவர் "தாராளமா போதும்" என்கிறார். அவர் எதற்குத்தான் போதாது என்றார்!

அப்புறம், மாலையில் பனி இறங்கினால் மைக், ஒயர் எல்லாம் நனைந்துவிடும். இணைப்புகளைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுவது, ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுவது தவிர வேறென்ன செய்கிறீர்கள்?

ஊருக்கு ஒரே சாலை. வண்டிகளைக் கீழேயே நிறுத்தி, மினி பஸ்ஸில் ஆட்களை ஏற்றி வந்த அனுபவம் இருந்தால் அதையும் எழுதுங்கள். விழா முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கும்போது எப்படிச் சமாளித்தீர்கள்?