தினமும் எடுக்கிற படங்களை என்ன செய்வது? (காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி)

கொரங்காட்டுக்காரன் கேட்டது:

வணக்கங்க. எங்கள் ஊர் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்ட் வேலை, அது போக வீட்டில் நாலு உருப்படி மாடு. காலையில் மாடுகளைக் கொரங்காட்டுக்குள் (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்) விட்டு படலைச் சாத்திவிட்டு வரும்போது கண்ணில் படுவதையெல்லாம் போனில் எடுப்பது பழக்கமாகிவிட்டது. கிளுவை வேலிமேல் கரிச்சான், வெள்வேல மரத்தடியில் அசைபோடும் மயிலைப் பசு, கொழுக்கட்டைப் புல்லில் பனி, அம்மா வாசலில் போடுகிற கோலம், மாரியம்மன் நோம்பியில் கும்மி, இப்படி எது எதுவோ.

எடுத்ததை எங்கே போடுவது என்பதுதான் பிரச்சனை. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கும்பிடுகிற கை ஒன்று வரும், அதோடு சரி. இன்ஸ்டாகிராமில் வீடியோவைத்தான் தள்ளிவிடுகிறது, சாதாரணப் படத்தை யாருக்கும் காட்டுவதே இல்லை. லைக் வேண்டும் என்று கேட்கவில்லை, யாராவது உட்கார்ந்து பார்த்தால் போதும்.

இன்னொன்று. ஆட்காட்டி மாதிரியே ஒரு பறவை, ஆனால் மூக்குப் பக்கம் மஞ்சளாகத் தோல் தொங்குகிறது. கூடே இல்லாமல் வெறும் தரையில் முட்டை போட்டிருக்கிறது. முட்டையோடு படம் இருக்கிறது, ஊர் பேரைப் போட்டுப் போடலாமா? ஒரு நண்பன் போடவே கூடாது என்கிறான், ஏன் என்றால் அவனுக்கும் தெரியவில்லை.

குளத்தேரி (திருப்பூர்):

முதலில் பறவை. அது மஞ்சள்மூக்கு ஆட்காட்டி. நாம் அதிகம் பார்ப்பது சிவப்புமூக்கு, அது குளம், வாய்க்கால், நெல்வயல் என்று ஈரம் உள்ள இடத்தைச் சுற்றியே இருக்கும். மஞ்சள்மூக்குக்கு உங்கள் கொரங்காடு மாதிரிக் காய்ந்த தரைதான் பிடிக்கும். கூடு என்று கட்டாது, தரையில் லேசாகக் குழி பறித்து பெரும்பாலும் நாலு முட்டை வைக்கும், மண் நிறத்திலேயே இருப்பதால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

அந்தப் படத்தை இப்போது போட வேண்டாம், இனி அந்த இடத்துக்குப் போகவும் வேண்டாம் தம்பி. காரணம் சொல்கிறேன். நீங்கள் படம் எடுக்க நின்ற நேரம் முழுக்க அது எழுந்து தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றியிருக்கும், அதுவரை முட்டை வெயிலில் கிடக்கிறது. நம் ஊர்க் கோடையில் அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பதை விட நிழல் கொடுக்கிற வேலைதான் அதிகம். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிர வைக்கிற பழக்கம்கூட ஆட்காட்டிகளுக்கு உண்டு. அப்புறம் காக்காய் இருக்கிறதே, மனுசன் குனிந்து நின்ற இடத்தை அது நன்றாகக் கவனித்து வைத்துக்கொள்ளும். ஊர் பேரோடு போட்டால் அடுத்த ஞாயிறு கேமராவோடு நாலு பேர் வந்து நிற்பார்கள், அவ்வளவுதான். குஞ்சு பொரித்ததும் சீக்கிரமே நடக்க ஆரம்பித்துவிடும், அந்த இடத்தை விட்டுப் போன பிறகு போடுங்கள். பல போட்டோ போட்டிகளில் கூட்டுப் படம் என்றாலே எடுத்துக்கொள்வதில்லை.

எங்கே போடுவது என்று கேட்டீர்கள். பறவை என்றால் ஈபேர்ட் என்கிற இணையதளம். இடம், தேதி, எத்தனை நேரம் பார்த்தீர்கள், எது எத்தனை என்று பட்டியல் போட்டு, படத்தை அதோடு சேர்த்துவிடலாம். புல், பூச்சி, ஓணான், காளான் எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட் என்று இன்னொரு தளம். பேர் தெரியாவிட்டாலும் போடலாம், தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள், அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் ஆராய்ச்சிக்கு எடுக்கக்கூடிய பதிவு என்று தரம் மாறும். தோட்டத்தில் நாமே நட்டு வளர்த்த செடி என்றால் அதைக் குறித்துவிட வேண்டும், காட்டில் தானாக முளைத்ததோடு கலந்துவிடக் கூடாது. அங்கே யாரும் இதயம் போட மாட்டார்கள். ஆனால் எங்கோ இருக்கிற ஓர் ஆள் உங்கள் படத்தைப் பெரிதாக்கி, இறக்கைக் கோட்டை எண்ணி, "இது அது இல்லைங்க" என்று எழுதுவார். உட்கார்ந்து பார்ப்பது என்றால் அதுதானே?

உங்கள் இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் நஞ்சராயன் குளம் 2024-ல் ராம்சர் பட்டியலுக்கு (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) வந்தது, ஈரோடு பக்கம் வெள்ளோடு 2022-லேயே வந்துவிட்டது, சந்தோஷம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனால் கூழைக்கடாவை விட லென்ஸ் அதிகம். கொரங்காட்டுக்கு யாரும் போவதில்லை. நிலம் வாங்க வருகிறவனுக்கு அது சும்மா கிடக்கிற தரிசு, சோலார் போடலாம், சைட் பிரிக்கலாம். அங்கே கவுதாரி, பனங்காடை, வானம்பாடி, குளிர்காலத்தில் தாழப் பறந்து வருகிற பூனைப்பருந்து எல்லாம் இருக்கிறது என்று தேதியோடு எழுதி வைத்தால்தான் நாளைக்குப் பேசுவதற்குக் கையில் ஒரு தாள் இருக்கும். அதை தினமும் அங்கே போகிற உங்களால்தான் செய்ய முடியும், என்னால் முடியாது.

சும்மா ஒரு ஆள் (கோபி):

அக்கா சொன்ன முட்டை விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் படம் எடுக்கிற எல்லாரையும் கணக்குப்பிள்ளை ஆக்கிவிட வேண்டாம் என்பது என் கட்சி. பையன் ஷிப்ட் முடித்து வந்து பட்டியல் நிரப்ப உட்கார்ந்தால் ரெண்டே வாரத்தில் படம் எடுப்பதே வெறுத்துப்போகும், அந்த மாதிரி விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்வது பழைய வழி. பிரிண்ட் போடுங்கள். ஸ்டுடியோவில் சின்ன சைஸ் பிரிண்ட் டீக்காசுக்கு மேல் கொஞ்சம்தான் ஆகும். யாரை எடுத்தீர்களோ அவர்கள் கையில் கொடுங்கள். பவானியில் ஜமக்காளம் நெய்கிற ஒரு பெரியவரை எடுத்தேன், குழித்தறி போட்ட அறையில் ஜன்னல் ஒரு பக்கம்தான், அந்த வெளிச்சத்தில் பாவு நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், பிளாஷ் போட்டால் எல்லாம் சப்பையாகிவிடும். பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர் முதலில் பார்த்தது தன் முகத்தை இல்லை, கரைப் பட்டை நேராக விழுந்திருக்கிறதா என்று. அதற்கப்புறம் அரை மணி நேரம் சாயத்தைப் பற்றிப் பேசினார். இன்ஸ்டாவில் எவன் பேசுவான் இப்படி.

பெரிய கேமரா வேண்டுமா என்று கேட்டால், தூரத்துப் பறவைக்கு வேண்டும், மற்ற எதற்கும் வேண்டாம். தறி, மாடு, சந்தை, மஞ்சள் வேக வைக்கிற புகை எல்லாவற்றுக்கும் போன் போதும்.

குளத்தேரி:

கணக்குப்பிள்ளை வேலை நல்ல வேலைதானுங்க அண்ணா :) பதினைந்து நிமிஷம் நின்று பார்த்தால் ஒரு பட்டியல் முடிந்தது, தினமும் வேண்டாம், வாரத்தில் ஒரு காலை போதும். பிரிண்ட் யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கவுதாரிக்குப் பிரிண்ட் கொடுக்க முடியாதே.

புள்ளிக்கணக்கு (பொள்ளாச்சி):

யாரும் கோலத்தைத் தொடவில்லை, அதனால் நான் வருகிறேன். கோலத்தை நின்ற உயரத்திலிருந்து சாய்வாக எடுத்தால் தூரத்துப் புள்ளிகள் நெருங்கிப்போய் வட்டம் முட்டை மாதிரி ஆகிவிடும். ஸ்டூல் மேலோ திண்ணை மேலோ ஏறி போனைத் தரைக்கு நேர் மட்டமாகப் பிடியுங்கள். நிறைய போன்களில் கட்டம் காட்டுகிற வசதியைப் போட்டுவிட்டால் மட்டம் சரியா என்று தெரிந்துவிடும். வெயில் வருவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள், வெயில் ஏறினால் உங்கள் தலை நிழல் கோலத்துக்குள் விழும், தெருவிளக்கு எரியும்போது எடுத்தால் வெள்ளை மாவெல்லாம் மஞ்சளாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

முடிந்த கோலத்தை மட்டும் எடுக்காதீர்கள். புள்ளி வைத்ததும் ஒன்று, பாதி இழுத்ததும் ஒன்று, முடிந்ததும் ஒன்று. கூடவே "15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி" என்கிற மாதிரி அம்மா சொல்கிற கணக்கையும் எழுதிப் போடுங்கள். பார்த்துப் போடுகிறவர்களுக்கு அதுதான் தேவை. "சூப்பர்" என்று எழுதிவிட்டுப் போகிறவர்களை விட, அடுத்த நாள் தன் வாசலில் போட்டு அதைப் படமெடுத்து அனுப்புகிறவர்கள்தான் எனக்கு முக்கியம்.

நோம்பிக்கு நோம்பி எடுக்க வேண்டியது காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து வீட்டு இறவாணத்தில், பட்டியில், தோட்டத்தில் சொருகுகிறோம் இல்லையா, அதை வருஷா வருஷம் அதே இடத்தில் நின்று எடுங்கள். எங்கள் பக்கம் தைப் பிறப்புக்கு முன்னால் பூளைப்பூவைக் காசு கொடுத்துச் சந்தையில் வாங்குகிறோம், அம்முச்சி காலத்தில் வரப்பிலேயே பிடுங்கினார்கள்.

போடுவதற்கு இன்னொரு இடம் விக்கிமீடியா பொதுவகம். உங்கள் பேரைச் சொல்லி யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் போட்டால் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைக்கும் போகும், எங்கோ ஒரு பள்ளிக்கூடப் பாடத்துக்கும் போகும். ஆனால் நாம் எடுத்த படமாக இருந்தால் மட்டும் போதாது, படத்துக்குள் இருப்பது யாருடைய கைவேலை என்றும் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் உக்கடத்தில் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிது பெரிதாக ஓவியம் வரைந்திருக்கிறார்களே, அதை எடுத்து அங்கே போட முடியாது. நம் சட்டப்படி பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைக்கும் கட்டடத்துக்கும் விலக்கு உண்டு, சுவர் ஓவியத்துக்கு இல்லை. பேரூர் கோயில் தூண் சிற்பம் என்றால் உரிமைப் பிரச்சனையே இல்லை, உள்ளே படம் எடுக்க விடுகிறார்களா என்பது வேறு கதை. கோலம் உங்கள் அம்மா கைவேலை, அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ரிப்பேர்கடை (ஈரோடு):

சுருக்கமாக. போன் கேமராவில் இடம் குறிக்கும் வசதி இருந்தால் படத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும், படமும் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் ரெண்டும் அப்படியே போகும். ஆகவே கூட்டுப் படம், நட்சத்திர ஆமை மாதிரியானதை டாக்குமெண்டாக யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆமையைப் பிடித்து விற்கிற கூட்டம் இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்டில் அழியும் நிலையில் உள்ளவற்றின் சரியான இடத்தை அதுவே மறைத்துவிடும், ஆனால் குறிப்பில் நீங்களே ஊர் பேர் எழுதினால் அது ஒன்றும் செய்ய முடியாது.

வெள்ளைக் கொக்கு எடுத்தால் வெறும் வெள்ளைப் பேப்பராக வருகிறது என்று கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பார்கள். திரையில் கொக்கைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கீழே இழுங்கள். இறகு தெரியும்.

சலங்கைச் சத்தம் (மேட்டுப்பாளையம்):

கும்மி எடுப்பதைப் பற்றி மட்டும். வள்ளி கும்மி இப்போது எங்கே பார்த்தாலும் நடக்கிறது, எங்கள் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்த பிறகு வெளியூர்க்காரர்களும் போனோடு வருகிறார்கள். ராத்திரி, போகஸ் லைட், எல்லாரும் ஒரே நிறச் சேலையில் சுற்றிக்கொண்டிருப்பார்கள், போனில் எடுத்தால் கலங்கித்தான் வரும். கை தட்டிக் குனிந்து நிமிர்கிற அந்த நொடியில் உடம்பு கொஞ்சம் நிற்கும், பாட்டைக் காதில் வாங்கிக்கொண்டே இருந்தால் அது எப்போது வரும் என்று பிடிபட்டுவிடும், அப்போது அமுக்குங்கள். ஓரமாக நிற்காமல் ஆசிரியருக்குப் பின்னால் நின்றால் முகங்கள் நம் பக்கம் வரும்.

ஆடுகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வட்டமாக எல்லாரும் தெரிகிற படத்தைப் போடலாம். ஒரு பிள்ளை முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்து ஊர் பேரோடு போடுவது வேண்டாம், அப்படிப் போட வேண்டுமென்றால் அவங்க அம்மாவிடம் கேட்க வேண்டும். ஒரு நோம்பியில் இதனால் பெரிய சண்டையே ஆனது. நல்ல படத்தைக் குழு ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள், அடுத்த அரங்கேற்றத்துக்கு அவர்களே கூப்பிடுவார்கள்.

கொரங்காட்டுக்காரன்:

ஏனுங்க, ஒரே ராத்திரியில் இவ்வளவா! எல்லாருக்கும் நன்றிங்க.

முட்டைப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை, மாட்டையும் ரெண்டு நாளாக அந்த மூலைக்கு விடாமல் இந்தப் பக்கம் கட்டுகிறேன், மிதித்துவிடக் கூடாது என்று அப்பாவே சொல்லிவிட்டார். அவர் இந்தப் பறவை கத்தினால் பாம்போ நாயோ வருகிறது என்று எழுந்து பார்க்கிற ஆள், அதனால் அவருக்கு என்னை விட அக்கறை. ஈபேர்டில் கணக்கு ஆரம்பித்துவிட்டேன். கோபி அண்ணன் சொன்னபடி மயிலையோடு அப்பா நிற்கிற படம் ஒன்று பிரிண்டுக்குக் கொடுத்திருக்கிறேன். கோலத்துக்கு அம்மா சம்மதம், ஆனால் தன் பேர் வரக் கூடாது, "காங்கயம் வட்டம்" என்று மட்டும் போடு என்கிறார்.

ஒரு சந்தேகம். பட்டியலில் எத்தனை என்று எண்ணச் சொல்கிறார்கள். தவிட்டுக்குருவி கூட்டமாக வேலிக்குள் பூந்து பூந்து வருகிறது, எப்படி எண்ணுவது?

குளத்தேரி:

வேலியை விட்டு வெட்ட வெளியைத் தாண்டி அடுத்த வேலிக்கு ஒன்றன் பின் ஒன்றாகப் பறக்கும் பாருங்கள், அப்போது எண்ணுங்கள், அதுதான் வழி. கடைசி ஒன்று எப்போதும் தாமதமாக வரும், அதற்குக் கொஞ்சம் காத்திருங்கள். பொங்கல் சமயத்தில் 2015-லிருந்து தமிழ்நாடு முழுக்க பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, பட்டிப் பொங்கலுக்கு எப்படியும் நீங்கள் கொரங்காட்டில்தானே இருப்பீர்கள், அதற்குள் கை பழகிவிடும்.

சும்மா ஒரு ஆள்:

மயிலை படம் வந்ததும் இங்கேயும் போடுங்க தம்பி. கொம்பு வெட்டுப்படாமல் எடுத்திருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும்.