பரணைக் காலி செய்த கதை இருந்தால் சொல்லுங்கள்

மாடிவீட்டு மருமகள், மதுரை

மார்கழி கடைசி வாரத்தில் அடுப்படியில் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறது என்று தெரிந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை. ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். எலியைத் தேடி ஏறிய அம்மா மூன்று நாள் கழித்துத்தான் இறங்கினாள் என்று பிள்ளைகள் இன்னும் கேலி செய்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஏழு பேர், படுக்கையறை இரண்டு. கொழுந்தனார் பரீட்சைக்குப் படிக்கிறார், அதனால் ஒரு மூலை எப்போதும் புத்தகக் குவியல். மீதி எல்லாமே பரணுக்குத்தான் போகும். அன்று இறங்கியவற்றில் சில: ஓட்டல் சாம்பார் வந்த பிளாஸ்டிக் டப்பா 23, மூடி 11. எந்த மூடியும் எந்த டப்பாவுக்கும் சேரவில்லை. குக்கர் கேஸ்கட் நாலு, குக்கரே போய் எட்டு வருஷம் ஆகிறது. கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் ஒரு மூட்டை. அரசு கொடுத்த இலவச கலர் டிவியின் அட்டைப்பெட்டி, உள்ளே தெர்மாகோல் கலையாமல். டிவி எப்போதோ போய்விட்டது. வீடு மாற்றும்போது உதவும் என்று பெட்டியை மட்டும் மாமா எடுத்து வைத்திருக்கிறார். நாங்கள் இருப்பது சொந்த வீட்டில்.

அத்தை கீழே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் எதை நீட்டினாலும் "அது இருக்கட்டும்." இறக்கியதில் முக்கால்வாசியைச் சாயங்காலம் திரும்ப ஏற்றினோம். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

ராத்திரி யோசித்துப் பார்த்தேன். நான் தூக்கிப் போடச் சொன்னதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. சரி என்று மறுநாள் என் பீரோவைத் திறந்து, எல்லாவற்றையும் கூடத்தின் நடுவில் கொட்டினேன். மூத்தவள் பிறப்பதற்கு முன் தைத்த ஜாக்கெட் 14, என்றைக்காவது பத்தும் என்று வைத்திருந்தது. அத்தை ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் மூட்டைக்குள் போட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள்தான் அந்தத் தவலை கிடைத்தது. பித்தளை, கரிச்சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஏதோ வெட்டியிருந்தது, கைக்குத் தட்டுப்பட்டதே தவிரப் படிக்க முடியவில்லை. புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க எழுத்து மேலே வந்தது. அத்தையின் பெயர். பக்கத்தில் 12.6.71. அப்போது அவருக்கு ஒன்பது வயது. நெல் விற்ற காசில், என்றைக்கோ நடக்கப்போகிற கல்யாணத்துக்காக அவருடைய அம்மா வாங்கிப் பெயர் வெட்டி வைத்தது. சீரோடு வந்தபோது உள்ளே ஈயம் பூசியிருக்கவில்லை. பூச வேண்டும், பூச வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்ததிலேயே குக்கர் வந்துவிட்டது, தவலை பரணுக்குப் போய்விட்டது. ஒரு வேளைகூட அடுப்பில் ஏறவில்லை.

ஈயம் பூசுகிறவரைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் பாத்திரக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு பெரியவர் கிடைத்தார். தவலையைக் கரி நெருப்பில் புரட்டிப் புரட்டிச் சூடாக்கினார். நவச்சாரத்தைத் தூவியதும் குப்பென்று வெள்ளைப் புகை. ஈயக் குச்சியை உள்ளே ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் சுற்றித் துடைத்தார். மஞ்சள் மறைந்து நிலா மாதிரி வெள்ளை பரவியது. புளிக்குழம்பு வைக்கலாமா என்று அத்தை நாலு தரம் கேட்டார். பூசாத பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், அந்தப் பயம் அவருக்கு. தாராளமாக வைக்கலாம் என்றார் பெரியவர். இந்த வருஷப் பொங்கல் அதில்தான் பொங்கியது.

அதற்குப் பிறகு "அது இருக்கட்டும்" குறைந்தது. பழைய பேப்பர்காரர் 41 கிலோ எடை போட்டார். அட்டைப்பெட்டியை மாமாவே மடித்துக் கொடுத்தார், முகம் மட்டும் சரியில்லை. பரணில் கிடைத்த இடத்தில் போர்வைகள் ஏறின, போர்வை இருந்த அலமாரியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு தட்டு. காலை ஏழரை மணிக்கு "அம்மா, பெல்ட் எங்கே?" என்ற சத்தம் இல்லாமல் காபி குடிப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

எலி? அது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கிடந்ததாம். முதல் நாளே கொழுந்தனார் எடுத்துப் போட்டுவிட்டார். யாரும் என்னிடம் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக் கதையையும் எழுதுங்கள்.


கருப்பட்டிக் காபி, திருநெல்வேலி

தவலைக் கதை அருமை, தங்கச்சி. எங்கள் வீட்டில் கிடைத்தது வேறு ரகம்.

அப்பா காலமான பிறகு அவர் அலமாரியை ஒரு வருஷம் யாரும் தொடவில்லை. வருஷாந்திரம் முடிந்ததும் அம்மாவே சாவியைக் கொடுத்தார். பழைய பஞ்சாங்கங்கள் ஒரு கட்டு, ராமபாணப் பூச்சி அரித்து, தொட்டால் தூள். அதற்குள்ளிருந்து விழுந்தன ஏழு ஐநூறு ரூபாய்த் தாள்கள். எல்லாம் பழைய தாள், 2016 நவம்பர் 8 ராத்திரியோடு செல்லாமல் போனது.

அம்மா பார்த்தார், பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அது அவர் சேர்த்த பணம். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று அப்பாவின் பஞ்சாங்கத்துக்குள்ளேயே ஒளித்திருக்கிறார். பழைய பஞ்சாங்கத்தை அவர் பிரிக்கவே மாட்டார், அந்தத் தைரியம். அப்புறம் எந்த வருஷத்துப் பஞ்சாங்கம் என்பது மறந்துபோய், பணத்தை அப்பாதான் எடுத்துவிட்டார் என்று நினைத்து, டிசம்பர் 30 வரை வங்கியில் போட அவகாசம் இருந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். "பாவம், அந்த மனுசனைச் சந்தேகப்பட்டுட்டேனே" என்று சிரிப்புக்கு நடுவில் அழுகையும் வந்துவிட்டது.

வீட்டில் வைத்துக்கொள்வது குற்றமாயிற்றே என்று தம்பி பயந்தான். 2017-ல் வந்த சட்டப்படி பத்துத் தாள் வரை கையில் இருந்தால் குற்றம் இல்லை. பத்தைத் தாண்டினால்தான் பத்தாயிரமோ, தொகையைப் போல் ஐந்து மடங்கோ, எது அதிகமோ அது அபராதம். எங்களிடம் ஏழுதானே. ஒன்றைச் சட்டம் போட்டு அப்பா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறோம்.


அடுக்குமாடி ஆறுமாசம், சென்னை

என் கதை கொஞ்சம் அவமானம். நான் வேகமாகச் சுத்தம் செய்கிற கட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட வேண்டும். அப்படி ஒரு ஞாயிறு, பழைய மின்கட்டண அட்டைகள், கேஸ் ரசீதுகள் என்று ஒரு காகிதக் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எடைக்குப் போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அழைப்பு மணி. பேப்பர்காரர் நிற்கிறார், கையில் பச்சை நிற ஃபைல். "கட்டு பிரிச்சப்போ உள்ளே இருந்துச்சு சார், ஃபோட்டோ பார்த்தா மேடம் மாதிரி இருந்துச்சு." என் மனைவியின் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ்கள். அசல். நல்லவேளை, மனைவி அலுவலகத்திலிருந்து வரவில்லை. பணம் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார். உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தேன். ஃபைலில் அவர் கைப்பட ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. நான் அந்த ஃபைலுக்கு அதுகூடச் செய்ததில்லை.

மனைவிக்கு இன்றுவரை தெரியாது. இங்கே அவர் வரமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.


நவராத்திரி அக்கா

என்னிடம் கதையெல்லாம் இல்லை, ஒரு புகார்தான். பீரோவின் அடித்தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்த ஜாக்கெட் துணி 36. ஒன்றுகூட எந்தப் புடவைக்கும் சேராது. எல்லாரும் வாங்குகிறோம், எல்லாரும் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறோம், தைப்பவர் யார்? ஒரு கிளிப்பச்சைத் துணியின் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு கொலு தாண்டி, மூன்றாவது கொலுவில் என்னிடமே வந்துவிட்டது. இந்த வருஷம் சுண்டல் மட்டும்தான், முடிவு செய்துவிட்டேன்.


புதுக்குடித்தனம்

எல்லாம் படித்தேன். எங்கள் வீட்டில் பழைய பாய், கிழிந்த தலையணை, பிளாஸ்டிக் சாமான் நிறைய சேர்ந்திருக்கிறது. அடுத்த போகிக்கு மொத்தமாகப் போட்டு எரித்துவிடலாமா?


கருப்பட்டிக் காபி, திருநெல்வேலி

வேண்டவே வேண்டாம், தம்பி. ஊரில் அந்தக் காலத்தில் எரித்தது கோரைப் பாயும் தென்னை ஓலையும் பழைய விளக்குமாறும். பிளாஸ்டிக்கும் டயரும் அந்தக் கணக்கில் வராது. 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்துகொண்டு, விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். என் மைத்துனர் அதில் ஒன்றில் இருந்தார், பொங்கல் சாப்பிட வந்தவர் பெங்களூரில் உட்கார்ந்திருந்தார். துணியைத் தனியாக, பிளாஸ்டிக்கைத் தனியாகக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். சம்பிரதாயத்துக்கு ஒரு ஓலையைக் கொளுத்தினால் போதும், குழந்தைகள் மேளம் தட்ட அது போதும்.


மாடிவீட்டு மருமகள், மதுரை

ஆறுமாசம் சார், உங்கள் ரகசியம் எங்களோடு பத்திரம். நவராத்திரி அக்கா, எனக்கும் ஒரு கிளிப்பச்சை வந்திருக்கிறது, ஓரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் போர்வை எடுக்கப் பரணில் ஏறினேன். மூலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, பக்கத்திலேயே அதன் மூடி. "யார் இதை இங்கே வைத்தது?" என்று மேலிருந்தே சத்தம் போட்டேன். அத்தை கீழே பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "போன மாசம் பிரியாணி வந்துச்சே, நீதான் கழுவிக் கவுத்தி வச்சே" என்றார்.

நான்தான். ஆனால் நல்ல கனமான டப்பா.