கலைச்சொல்: கடைக்குறைப் பகா எண்

நண்பர்களுக்கு வணக்கம்.

73939133 என்ற பகா எண்ணின் கடைசி இலக்கத்தை நீக்கினால் வரும் 7393913 உம் பகா எண்; அதிலும் கடைசி இலக்கத்தை நீக்கினால் வரும் 739391 உம் அவ்வாறே; 73939, 7393, 739, 73 என்று இறங்கி 7 இல் நிற்கும்வரை பகாத்தன்மை எங்கும் கெடுவதில்லை. இவ்வகை எண்களுக்கு முன்மொழியப்பட்டுள்ள 'வலவெட்டுப் பகா எண்' பொருள் விளங்கும் சொல்தான். ஆனால் கோடுகள் வெட்டிக்கொள்வதற்கும் கணங்களின் பொது உறுப்புகளுக்கும் 'வெட்டு' ஏற்கெனவே வழங்குகிறது. அதன் மேல் இன்னொரு சுமையை ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

இலக்கணத்தில் நீலம் 'நீல்' என நிற்பது கடைக்குறை, தாமரை 'மரை' என நிற்பது முதற்குறை. எழுத்துக் குறைந்தும் அங்கே பொருள் மாறுவதில்லை. இலக்கம் குறைந்தும் இங்கே பகாத்தன்மை மாறுவதில்லை. இந்தப் பொருத்தத்தை வேறு எந்தச் சொல்லிலும் நான் காணவில்லை. ஆகவே 'கடைக்குறைப் பகா எண்' என்றும், முன்னிருந்து நீக்கும் வகைக்கு 'முதற்குறைப் பகா எண்' என்றும் வழங்கலாம். இலக்கணத்தில் குறைதல் ஒருமுறையே நிகழ்கிறது, இங்கே அது தொடர்கிறது என்ற வேறுபாட்டை வரையறையில் சொல்லிக்கொள்ளலாம். முதற்குறை வகையில் சுழியம் இடம்பெறாது என்பதையும் அங்கேயே சேர்க்க வேண்டும். தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூடுதல் தன்னைவிடக் குறைவாக உள்ள எண்ணான குறைவெண்ணோடு இது குழம்பாதா என்று கேட்கலாம். எல்லாப் பகா எண்களும் குறைவெண்களே என்பதால் கேள்வி நியாயமானது. 'குறைப் பகா எண்' என்று சுருக்காதிருந்தால் போதும்.

இரண்டு பெயர்களும் தனித்தனியே தேவை, ஏனெனில் இரண்டு வகைகளும் வெவ்வேறு அளவுக்கு வளர்கின்றன. கடைக்குறையில் பின்னால் சேர்க்கத் தகுந்தவை 1, 3, 7, 9 மட்டுமே. 73939133 இன் இலக்கக் கூடுதல் 38. பின்னால் 1 சேர்த்தால் 39, 7 சேர்த்தால் 45, இரண்டும் 3 ஆல் வகுபடும். 3, 9 சேர்த்தாலும் கிடைப்பவை பகு எண்களே. ஆகவே 83 எண்களே கொண்ட இந்த வகையில் இதுவே மிகப் பெரியது. முன்னால் சேர்ப்பதற்கோ 1 முதல் 9 வரை எதுவும் ஆகும். அதனால் முதற்குறையில் 4260 எண்கள் உள்ளன, அவற்றில் மிகப் பெரியதான 357686312646216567629137 க்கு 24 இலக்கங்கள்.

இரண்டு வகையிலும் சேர்பவை 15 மட்டுமே, அவற்றில் பெரியது 739397. இவற்றுக்கு 'இருதலைக்குறை' என்று எழுதிப் பார்த்தேன். 'தலை' முன்பக்கத்தையே குறிக்காதா என்ற தயக்கம் எனக்கும் உண்டு. 'இருதலைக் கொள்ளி' வழக்கில் இருப்பதால் அதையே முன்வைக்கிறேன்.