பொதுக் கொள்கை ஆய்வுச் சங்கங்களில் சேர்ந்தால் பயன் உண்டா, பணம்தான் வீணா?

கண்மாய்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் வருடம். கண்மாய்ப் பராமரிப்பில் அரசுத் திட்டம் எங்கே நிற்கிறது, ஊர்க்காரர்கள் எங்கே ஆரம்பிக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. போன வாரம் ஒரு மெயில் வந்தது, "சர்வதேசப் பொதுக் கொள்கை மாநாட்டுக்கு உங்கள் கட்டுரை தேர்வாகிவிட்டது" என்று. நான் கட்டுரையே அனுப்பவில்லை! பணம் கட்டினால் சான்றிதழ், கூடவே சங்க உறுப்பினர் அட்டையாம். எங்கள் துறையில் ஒரு சீனியர் இதுபோல ஒன்றுக்குப் பணம் கட்டிப் போய், பத்து நிமிடம் பேசி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார். கட்டுரையை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை என்றார்.

உருப்படியான சங்கம் என்று ஏதாவது இருக்கிறதா? சேர்ந்தால் என்ன கிடைக்கும்? நெறியாளரைக் கேட்டால் "பயோடேட்டாவில் ஒரு வரி கூடும்" என்கிறார், அதோடு சரி.

சும்மா_ஒரு_வாசகன் எழுதியது:

அனுப்பாத கட்டுரையையே தேர்வு செய்கிறார்கள் என்றால் பெரிய மகான்கள்தான். அந்த மெயிலை அழித்துவிடுங்கள் தம்பி.

நிஜமான ஒன்று, இன்டர்நேஷனல் பப்ளிக் பாலிசி அசோசியேஷன். 2013-இல் பிரான்சின் கிரெனோபிளில் முதல் மாநாடு நடந்தது, அதற்கு வந்த கூட்டத்தைப் பார்த்து அடுத்த வருடம் சங்கமாக்கினார்கள். அதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது: மிலான், சிங்கப்பூர், மான்ட்ரியல், பார்சிலோனா, டொரன்டோ, 2025-இல் தாய்லாந்தின் சியாங் மாய். இங்கே வேலை நடக்கிற விதத்தைக் கவனியுங்கள். முதலில் "என்ன அமர்வு நடத்தலாம்" என்று ஆய்வாளர்களிடம் கேட்பார்கள், தேர்வான அமர்வுகளுக்குத்தான் அப்புறம் கட்டுரைச் சுருக்கம் அனுப்ப வேண்டும், அமர்வை நடத்துகிறவரே படித்துப் பார்த்து எடுப்பார் அல்லது தள்ளுவார். மாநாட்டுக்கு முன்னாலேயே முழுக் கட்டுரையையும் ஏற்ற வேண்டும். அதனால் நீங்கள் பேசும்போது எதிரே இருப்பவர்களில் சிலராவது அதைப் படித்துவிட்டு வந்திருப்பார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் போக வேண்டும். பயணச் செலவு தனிக் கதை, அதற்கு நிதி தேடுவதே ஒரு ஆய்வு.

போக முடியாவிட்டாலும் அவர்களுடைய இதழ் இணையத்தில் இலவசம், உறுப்பினராக இல்லாமலே படிக்கலாம்.

பழைய_பேராசிரியர் எழுதியது:

மேலே சொன்னது சரி. ஆனால் அது புதுச் சங்கம். இந்தத் துறைக்கு ஏன் தனியாகச் சங்கம் தேவைப்பட்டது என்று தெரிந்தால் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதும் புரியும்.

1960-களில் அமெரிக்க அரசியல் அறிவியல் பெரும்பாலும் தேர்தல், வாக்காளர் மனப்போக்கு என்றே ஓடிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் அரசு வறுமை ஒழிப்பு, மருத்துவக் காப்பீடு என்று திட்டம் மேல் திட்டமாக இறக்கியது. அவை தரையில் என்ன ஆயின? கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தில் 3,000 பேருக்கு வேலை என்று சொல்லி 1966-இல் 23 மில்லியன் டாலர் அறிவித்தார்கள். மூன்று வருடம் கழித்து வில்டாவ்ஸ்கி, பிரெஸ்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது செலவாகியிருந்தது சுமார் 3 மில்லியன்தான், அதிலும் பெரும்பங்கு ஒரு மேம்பாலத்துக்கும் கட்டட வரைபடக்காரர்களின் கட்டணத்துக்கும். யாரும் திருடவில்லை, யாரும் எதிர்க்கவும் இல்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஒப்புதல், அதில் கொஞ்சம் தாமதம், அவ்வளவே. (நம் ஊரில் கோப்பு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும்.)

இந்த மாதிரிக் கேள்விகளோடு இருந்தவர்களுக்காக 70-களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் நேகல் உருவாக்கியதுதான் பாலிசி ஸ்டடீஸ் ஆர்கனைசேஷன். 1972-இலிருந்து வருகிற பாலிசி ஸ்டடீஸ் ஜர்னல் அவர்களுடையது. கொள்கை எப்படி உருவாகிறது என்ற கோட்பாட்டுச் சண்டைகள் பாதிக்கு மேல் அதில்தான் நடந்திருக்கின்றன என்பேன்.

1979-இல் வந்த ஆபாம் (APPAM, பொதுக் கொள்கைப் பகுப்பாய்வு, மேலாண்மைக்கான அமெரிக்கச் சங்கம்) வேறு ரகம். புதிதாக முளைத்த பொதுக் கொள்கைப் பள்ளிகள் சேர்ந்து தொடங்கியது, பொருளாதாரக்காரர்கள் கை ஓங்கியிருக்கும். "இந்தத் திட்டத்தால் எத்தனை சதவீதம் மாறியது, எண்ணைக் காட்டு" என்பார்கள். உங்கள் தலைப்பை வைத்துப் பார்த்தால் அங்கே கொஞ்சம் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள்.

டெல்லிவாசி எழுதியது:

நம் நாட்டை விட்டுவிட்டீர்களே சார். டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் இருக்கிறது. அமெரிக்க நிர்வாக நிபுணர் பால் ஆப்பிள்பி 1953-இல் கொடுத்த அறிக்கையின் பரிந்துரைப்படி 1954-இல் தொடங்கியது, முதல் தலைவர் நேரு. மாநிலக் கிளைகள், சொந்த இதழ் எல்லாம் உண்டு. அதிகாரிகள் அதிகம் புழங்குகிற இடம். ஒரு திட்டம் ஏன் அப்படி எழுதப்பட்டது என்று எழுதியவரிடமே கேட்க வாய்ப்பு கிடைக்கலாம். கோட்பாடு தேடினால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

பழைய_பேராசிரியர் எழுதியது:

உண்மைதான், மறந்துவிட்டேன். இன்னொன்றையும் சொல்லாமல் விட்டேன், இந்தத் தம்பிக்கு அதுதான் முக்கியம். தலைப்பு கண்மாய் என்றால் பொதுக் கொள்கை என்று பெயர்ப்பலகை வைத்த சங்கம்தான் வேண்டும் என்று யார் சொன்னது? பொதுவள ஆய்வுக்கென்றே, அதாவது நீர், காடு, மேய்ச்சல் நிலம் மாதிரி பலர் சேர்ந்து பயன்படுத்துகிற வளங்களை ஆராய்வதற்கென்றே, தனியாகச் சர்வதேசச் சங்கம் இருக்கிறது, 1989-இல் ஆரம்பித்தது, எலினார் ஓஸ்ட்ரோம் அதன் முன்னோடிகளில் ஒருவர். 2011-இல் மாநாட்டை ஹைதராபாத்திலேயே நடத்தினார்கள். அவர்கள் இதழும் இலவசம். ஓஸ்ட்ரோம் 2009-இல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினாலும் அடிப்படையில் அரசியல் அறிவியல்காரர், உங்கள் ஆள். இலங்கையின் கல் ஓயா பாசனத் திட்டத்தில் விவசாயிகள் வாய்க்காலைத் தாங்களே பார்த்துக்கொள்ளத் தொடங்கிய கதையைத் தன் புத்தகத்தில் எடுத்துப் பேசியிருக்கிறார். குடிமராமத்து பற்றி நீங்கள் எழுதுவதை அங்கே முதல் பத்தியிலிருந்து விளக்க வேண்டியிருக்காது.

அவருடைய ஆய்வுச் சட்டகத்தை அவரே விளக்குகிற கட்டுரை 2011-இல் பாலிசி ஸ்டடீஸ் ஜர்னலில் வந்தது. எந்தச் சங்கத்துக்கும் காசு கட்டும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கண்மாய்க்கரை எழுதியது:

ரொம்ப நன்றி சார், எல்லோருக்கும்தான். நேற்று ராத்திரி இந்தியானா பல்கலைக்கழகத்தின் பொதுவள மின்நூலகத்துக்குள் நுழைந்தவன் இரண்டு மணி வரை வெளியே வரவில்லை. மடை திறப்பது யார், தண்ணீர் பங்கு வைப்பது யார் என்று ஊர் ஊராக எழுதி வைத்திருக்கிறார்கள். நான் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்து இரண்டாம் இயலில் எழுதிய ஒரு விஷயத்தை நான் பிறப்பதற்கு முன்பே ஒருவர் எழுதிவிட்டார். அந்த இயலைத் திரும்ப எழுத வேண்டும்.